உகாண்டா வரை ஒரு விசாரிப்பு

ஜிஞ்சா நகரத்து மளிகைக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியவில்லை. ராஜபாளையத்துச் சங்கரலிங்கத்துக்கு அதுதான் முதல் சிக்கல்.

ஜிஞ்சா உகாண்டாவில் இருக்கிறது. அங்கே ஒரு பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கும் பாண்டிதுரைக்கு, சங்கரலிங்கத்தின் மகள் மாரிசெல்வியைக் கேட்டு வந்திருந்தார்கள். அதே வாரத்தில் இன்னொரு வரனும் வந்தது. பையன் பெயர் சுந்தரபாண்டியன், கம்போடியாவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். இருவருக்கும் ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே உயரம். ஜாதகமும் இரண்டு பேருக்குமே பொருந்தித் தொலைத்தது. பையனை வைத்து முடிவு செய்ய வழியில்லை, இனி நாட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சங்கரலிங்கம் சொல்லிவிட்டார்.

ஆடி பிறக்க ஒன்பது நாள் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது.

சங்கரலிங்கம் பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓட்டை தேடுவது முப்பது வருஷப் பழக்கம். மாப்பிள்ளைகளையும் அப்படியேதான் பிடித்துப் பார்ப்பார். இதற்கு முன் வந்த மூன்று வரன்களில் ஒன்று, தெருவில் நாய் அதிகம் என்று போனது. இன்னொன்று, எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது என்று போனது. மூன்றாவது பையன் வீட்டில் காம்பவுண்டுச் சுவர் குட்டை. சங்கரலிங்கத்தின் வீட்டுக்குத் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது, காம்பவுண்டே கிடையாது. அதெல்லாம் யார் கேட்பது?

மாரிசெல்விக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது. ஆஸ்பத்திரி லேபில் வேலை, அதிகம் பேசுகிறவள் இல்லை. அவளே அன்றைக்கு அப்பாவிடம் வந்து நின்றாள்.

"எனக்கு அந்த உகாண்டாக்காரரைப் பிடிச்சிருக்குப்பா. ரெண்டு தடவை போன்ல பேசுனேன். நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுதாரு. இவரையும் ஓட்டை சொல்லி அனுப்பிராதீங்க."

மகள் சங்கரலிங்கத்திடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே இந்தத் தடவை இன்னும் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். அப்பன்மார் புத்தி அப்படித்தான் போகும், என்ன செய்ய?

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜமால் முகமது இருபது வருஷம் உகாண்டாவில் இருந்துவிட்டு வந்தவர். நல்ல குளிர்ச்சியான ஊர், வாழைக்காயை அவித்து மசித்துச் சோறு மாதிரி சாப்பிடுவார்கள், மரியாதையான ஜனங்கள் என்று ஜமால் சொல்லிக்கொண்டே வந்தார். கடை வாசலில் காவலாளி துப்பாக்கியோடு நிற்பான் என்றதும் சங்கரலிங்கம் எழுந்தே விட்டார்.

"துப்பாக்கி நிக்குதுன்னா பாதுகாப்பு இருக்குன்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமா? அதைச் செத்த நேரம் யோசிச்சிட்டு உக்காருங்க," என்றார் ஜமால்.

ராஜபாளையம் திரும்பும் வரைக்கும் சங்கரலிங்கம் அதையே யோசித்தார்.

கம்போடியாவை யூடியூபில் பார்த்தார். வயல், ஆறு, மழை வந்தால் வெள்ளம், மூன்று வேளையும் அரிசிச் சோறு. மனைவி பாண்டிசெல்விக்குச் சோறு பிடித்துப்போனது. ஆக, சோற்றுக்குக் கம்போடியா, குளிர்ச்சிக்கு உகாண்டா. கரண்ட் இரண்டு இடத்திலும் போகும் என்றார்கள். இங்கேயும்தான் போகிறது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. மிச்சம் இருந்தது பாதுகாப்பு. அதை யூடியூபில் பார்க்க முடியாது, தெருவில்தான் கேட்க வேண்டும்.

தெருவில் கேட்பதற்கு நம் பக்கம் ஒரு முறை இருக்கிறது. தெருமுனைக் கடை, அயர்ன்காரர், எதிர்வீடு, இந்த மூன்று இடத்தில் கேட்டால் போதும். பெண் வீட்டுக்காரர் என்று மட்டும் மூச்சு விடக்கூடாது. சொல்லிவிட்டால் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். சங்கரலிங்கம் சொந்தபந்தத்தில் இருபத்தேழு கல்யாணத்துக்கு இப்படி விசாரித்துக் கொடுத்தவர். இப்போது தெரு கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

பஞ்சாலை குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் நம்பரை மேப்பில் எடுத்தார். பாஷைக்கு செல்போனில் மொழிபெயர்க்கும் ஆப் இருந்தது. இவர் தமிழில் சொல்ல, அது ஒரு பெண் குரலில் ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் சொன்னது.

எதிர் குவார்ட்டர்ஸ் பாண்டிதுரை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? தனியாகத்தான் இருக்கிறாரா? ராத்திரி கதவுக்கு எத்தனை பூட்டு? வாட்ச்மேன் தூங்குவாரா? நாய் உண்டா, இருந்தால் கடிக்குமா?

நீங்கள் யார் என்று கடைக்காரர் கேட்டார். வேண்டியவர்கள்தான் என்று சங்கரலிங்கம் முறைப்படி பதில் சொன்னார். கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சாயந்தரம் பாண்டிதுரை மாரிசெல்வியிடம் பேசும்போது, ஏதோ ஒரு கும்பல் தன்னை நோட்டம் விடுவதாகவும் மில்லில் காவலை இரட்டிப்பாக்கி விட்டதாகவும் சொன்னான். சங்கரலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல வேளை, கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்தது. கும்பல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, இப்போது காவலுக்கு எத்தனை பேர், ஷிப்ட் எப்போது மாறுகிறது என்று அதே கடைக்காரரிடம் மறுபடியும் கேட்டார்.

பாண்டிதுரையைக் கையோடு மானேஜர் பங்களாவுக்கு மாற்றினார்கள். பாத்ரூமுக்குப் போனால்கூடத் துப்பாக்கிக்காரர் ஒருவர் கூடவே போனார்.

"உகாண்டா வேண்டாம்ட்டி," என்றார் சங்கரலிங்கம் மனைவியிடம். "எம்புட்டுக் காவல் போட்டும் கும்பல் விட மாட்டேங்குது."

கம்போடியாவுக்குப் போன் அடித்தார். சுந்தரபாண்டியனின் பிளாட்டுக்குக் கீழே ஐஸ் காபி விற்கிற அம்மாள் எடுத்தார். ஆப் அந்த ஊர்ப் பாஷையில் அதே கேள்விகளைக் கேட்டது. மூன்றாம் நாள் சுந்தரபாண்டியன் பிளாட்டைக் காலி செய்தான். எங்கே போனான் என்று சங்கரலிங்கம் ஐஸ் காபி அம்மாளை நான்கு தடவை கேட்டார். ஐந்தாம் நாள் அவன் நம்பரையே மாற்றிவிட்டான். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம், பையன் உயிரோடு இருந்தால் போதும் என்று அவன் வீட்டார் தரகரிடம் சொல்லிவிட்டார்கள்.

சங்கரலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். உலகம் முழுக்கவே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். பாண்டிசெல்வி செல்போனை வாங்கி, அவர் பேசிய நம்பர்களையும் நாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கும்பலே நீங்கதான்."

"நான் ஒத்த ஆளு. அவிய கும்பல்ங்காவ. அதுல ஒரு பொம்பளை வேற இருக்காளாம்."

"அந்தப் பொம்பளை இந்தப் போனுக்குள்ளதான் இருக்கா," என்றாள் பாண்டிசெல்வி.

மாரிசெல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட சங்கரலிங்கத்துக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, கையோடு சம்பந்தத்தையும் பேசி முடிப்பது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார். பாண்டிதுரையின் அப்பா முத்துராமலிங்கத்தின் வீடு மடவார் வளாகத்தில் இருந்தது. நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தெருமுனையில் ஒரு டீக்கடை இருந்தது. அதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. வந்ததுதான் வந்தோம், கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று உள்ளே போய் டீ சொன்னார்.

முத்துராமலிங்கம் வீட்டில் எத்தனை பேர்? எப்போது வெளியே போவார்கள்? நாய் உண்டா?

டீ மாஸ்டர் கடைப் பையனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, டீயை ரொம்ப நேரம் ஆற்றினார். உகாண்டாவிலிருந்து பாண்டிதுரை எச்சரித்து, முத்துராமலிங்கம் தெருவுக்கே சொல்லி வைத்திருந்த விஷயம் சங்கரலிங்கத்துக்கு எப்படித் தெரியும்? டீ கைக்கு வரும்போது போலீஸ் ஜீப்பும் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் சமுத்திரம் செல்போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு நாட்டு நம்பர்களும் வரிசையாக இருந்தன. சங்கரலிங்கம் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்கு இருபத்தெட்டு என்றார், அவள் வாய்விட்டுக் கேட்டாள் என்றார், நான்தான் பாவி என்றார். சமுத்திரம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். உலகமகா சதிக்காரனைப் பிடித்தோம் என்று நின்ற ஏட்டையா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பொண்ணைப் பெத்தவரு, பயம் இருக்கத்தான செய்யும். எனக்கும் ஒரு மக இருக்கா அண்ணாச்சி," என்றார் சமுத்திரம். "நீங்க வீட்டுக்குப் போங்க. மாப்பிள்ளை வீட்டுல நானே போய் எடுத்துச் சொல்லுதேன். போலீஸ் சொன்னா நம்புவாவ."

சங்கரலிங்கம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, எல்லாம் சரியாகிவிடும், எஸ்.ஐ.யே தூது போகிறார் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார். மாரிசெல்வி கதவைத் திறந்தாள். லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

ஆடி பிறக்க ஒரே ஒரு நாள் பாக்கி. காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. சமுத்திரம் வேட்டி சட்டையில் இறங்கினார், கூடவே அவர் மனைவி தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் பால்கோவாவும் ஏந்திக்கொண்டு வந்தார். பாண்டிசெல்வி அவசரமாகப் பாயை விரித்தாள். மாரிசெல்வி பட்டுப் புடவையில் டீயோடு வந்து நிலைப்படி ஓரமாக நின்றாள்.

"மாப்பிள்ளை வீட்டுல பேசுனீங்களா சார்?" என்று சங்கரலிங்கம் கேட்டார்.

சமுத்திரம் தாம்பாளத்தை வாங்கிச் சங்கரலிங்கத்தின் கையில் வைத்தார்.

"ரெண்டு மணி நேரம் பேசுனேன் அண்ணாச்சி. பையன் பயந்தது பயந்ததுதான், இனிமே கட்டுனாப் போலீஸ்காரர் வீட்டுப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு நின்னுட்டாரு. இன்னைக்கு சாயந்தரம் எம் மகளுக்குப் பூ வைக்காவ, நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."