ஊசிக்கு ரெண்டு பதில்

தொழிலாளர் நலனைக் கண்ணும் கருத்துமாகக் காப்பதற்கென்றே அந்தக் கைப்பேசித் தொழிற்சாலையில், கண்ணாடி துடைக்கும் கூடத்தை ஒட்டி, ஒரு மருத்துவ அறை இருந்தது. அதில் ஒரு டாக்டர், ஒரு மேசை, ஒரு குண்டூசி.

'பளபளா' என்று எல்லாரும் கூப்பிடும் மனுஷர் ஆறு வருடமாக அங்கே திரைக் கண்ணாடி துடைக்கிறார். துடைக்கிற திரவம் சட்டென்று ஆவியாகிவிடும். ஆவி எங்கே போகும்? மூக்குக்குள்தான். விரலும் பாதமும் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிடுகிறாள். பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினால் மிச்ச நரம்பாவது பிழைக்கும். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

டாக்டர் விரலில் குத்தினார். "வலிக்குதா?"

"இல்லீங்க."

"கால்ல?"

"இல்லீங்க. அதானே சார் என் கம்ப்ளெய்ன்ட்டே!"

டாக்டர் எழுதினார்: 'வலி ஏதுமில்லை. பூரண நலம்.'

"எனக்கே முதுகு வலி உயிர் போகுது. குடுத்து வெச்சவன்யா நீ! இப்ப எல்லாரும் மூச்சுப் பயிற்சிதான் செய்யறாங்க. நீயும் துடைக்கிற எடத்துலயே நின்னு நல்லா ஆழமா இழுத்து விடு."

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களே! குத்தினா ஊரே திரும்பிப் பாக்கிற மாதிரி கத்தணும்."

ஒத்திகை நடந்தது. ஊசி பட்டது தெரியாததால் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கத்தினார்.

மறுநாள் மருத்துவ அறை வாசலில் நீண்ட வரிசை. டாக்டர் குத்தினார்.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

டாக்டர் முகம் மலர்ந்தது. "அட, நரம்பு சும்மா கிண்ணுன்னு இருக்கே!" எழுதினார்: 'உணர்ச்சி மிகச் சிறப்பு. பூரண நலம்.'

பளபளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வலிக்கலைன்னாலும் நலம், வலிச்சாலும் நலம். அப்போ நரம்பு செத்தவன் என்னதான் சார் சொல்லணும்?"

"எனக்கெப்படிய்யா தெரியும்? பதினோரு வருஷமா இதே ரூம்ல, இதே காத்தைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்படி ஒருத்தன்கூட வந்ததில்லை. அடுத்த ஆளு!"

பளபளா துடைக்கிற மேசைக்கே திரும்பி நடந்தார். வேறென்ன செய்வார், பாவம்.

அவர் நாலடி போவதற்குள் ப்யூன் அறை வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிக் காட்டி, "யாருதுய்யா இது? கழண்டு விழுந்ததுகூடவா தெரியாது?" என்று கத்தினான்.

பளபளா குனிந்து தன் காலைப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். மேசைக்கடியில் டாக்டரும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.