பத்து குதிரை பம்பும் பாதி மூடிய வால்வும்

படூர்,
14-6-2006

அன்புள்ள சாவித்ரிக்கு,

வெங்கடராகவன் எழுதுவது. இங்கு நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கே புனேயில் நீயும் விஷாகாவும் பேத்தியும் நலமாயிருக்கப் பெருமாள் துணை. போனில் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அழுகிறது, வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ பிரசவம் பார்க்கப் போய் எட்டு மாதம். என்னையும் அங்கே வரச் சொல்கிறாய். எப்படி வருவது? நம் குடியிருப்பின் பழைய பம்ப் போய்விட்டது. முப்பது வருஷம் ஃபாக்டரியில் பம்ப் தேர்ந்தெடுத்தவன் என்பதால் நானாகவே தொட்டியின் உயரம், குழாயின் நீளம், வளைவுகள் எல்லாம் அளந்து நாலு பக்கம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்று குதிரைசக்தி தாராளம். செகரட்டரி கிருஷ்ணபிரசாத் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, “பெருசா இருந்தா சேஃப்தானே அங்கிள்?” என்று பத்து வாங்கி வந்தான். போட்ட அன்றே உள்ளே ஜல்லி அரைக்கிற சத்தம். பிளம்பர் கண்ணாயிரம் காதை வைத்துப் பார்த்து, “உள்ள கல்லு கீது சார்” என்றான். கழற்றினால் ஒரு மணல்கூட இல்லை. “கல் இல்லப்பா, குமிழி. இந்த ஒல்லிக் குழாய்ல வர்றதைவிட அதிகமா இழுக்குது, தண்ணி குமிழி குமிழியா ஆகி உள்ளயே வெடிக்குது” என்றேன். “தண்ணி வெடிக்குமா? இன்னா சார் நீ, காலைலயே பேஜாரு பண்ற?” என்றான். நான் மேலே போகும் குழாயின் வால்வைப் பாதி மூடினேன். பம்ப் இழுப்பது குறைந்து சத்தம் நின்றது. நாலு பேர் கை தட்டினார்கள் சாவித்ரி. ரிட்டையர்மென்ட் அன்றுகூட மாலைதான் போட்டார்கள், தட்டவில்லை.

ஆனால் யாராவது ஒருவர் வந்து வால்வை முழுசாகத் திறந்துவிடுவார், மறுபடி ஜல்லி. அதனால் அதன் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் நீ உட்காரும் பக்கம் வைத்திருக்கிறேன். இப்போது தினமும் காலையில் பம்ப் போடும்போது வால்வைப் பாதி திறந்துவிட நான்தான் போக வேண்டும்; யாராவது மணி அடித்து “அங்கிள், வால்வு” என்கிறார்கள். மூன்றாம் மாடி ரெபேக்காள் டீச்சர் நேற்று இடியாப்பம் கொண்டுவந்தார். இவ்வளவு பேரை விட்டுவிட்டு நான் எப்படி வருவது, சொல்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெங்கடராகவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமலே வைத்திருந்தேன். மேலே எழுதியது எதுவும் இப்போது செல்லாது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாயிரம் பத்தைக் கழற்றி மூன்று குதிரை பம்பை மாட்டிவிட்டான். “உன் கணக்கு கரீட்டு சார்” என்றான். சத்தமே இல்லாமல் ஓடுகிறது. அதிலிருந்து யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை அனுப்பாதே. நீ வா.