காய்க்காத கொன்றை

“பூத்துத் தள்ளுதே, ஒரு காயாவது விட்டுச்சா? மரத்தை மாத்திக் குடுங்க!”

நர்சரி வாசலில் அந்த அம்மாள் போட்ட சத்தத்தில், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த டிகிரி நிமிர்ந்தாள். அங்கே கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான், பெயரே அதுவாகிவிட்டது. இதே அம்மாள்தான் மரம் இலையுதிர்த்தபோது, ‘செத்த மரத்தை என் தலையில கட்டிட்டீங்க’ என்று வந்து குதித்தவள்.

“இது கலப்பினக் கொன்றைம்மா. ரோஸும் மஞ்சளுமா பூக்கறதுக்குன்னே உருவாக்கினது. காய்க்காது. அது குறையில்ல.”

“குறையில்லையாம்!” அம்மாள் பின்னால் நின்ற மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். “எங்க வீட்டுக்கு வந்து வாய்க்கிறதெல்லாம் இப்படித்தான்.”

மருமகள் தரையைப் பார்த்தாள். கூட வந்திருந்த மகன் செல்போனைப் பார்த்தான். டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காய்க்கலேன்னா என்ன, குடி முழுகிடுமா?”

முதலாளி ஓடிவந்தார். “நீ வாயை மூடு டிகிரி! அம்மா, நம்மகிட்ட ஒரு உரம் இருக்கு. போட்டுப் பாருங்க, கொத்துக் கொத்தாக் காய்க்கும்.”

“பொய்! அது காய்ச்சா நான் வேலையை விட்டுடறேன் சார்!”

முதலாளியின் முகம் சிவந்தது. “பேச்சு மாறக் கூடாது.”

மறு வாரமே போன் வந்தது. காய்ச்சிருச்சாம்.

முதலாளி பல்லெல்லாம் தெரிய அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மாள் தெருவையே கூப்பிட்டு மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். முழ நீளக் காய்கள், முற்றிக் கறுத்துத் தொங்கின. ஒரே வாரத்தில் முற்றிய காயா?

“பாத்தியா, நம்ம உரத்தை!” என்றார் முதலாளி.

டிகிரி விடுவிடுவென்று ஏணியில் ஏறினாள். மகன் கீழே பிடித்துக்கொண்டான். ஒரு காயைத் திருப்பினாள். சாதாரணக் கொன்றையின் காய். காம்பைக் கிளையோடு சேர்த்துக் கட்டிய பச்சைக் கம்பி.

ஒரு வார்த்தை சொன்னால் வேலை பிழைக்கும். வாயைத் திறந்தவள் கீழே பார்த்தாள். மருமகள் அண்ணாந்து நின்றிருந்தாள். பாவம், ஒரு பேச்சுக்குப் பயந்து மரமேறிக் காய் கட்டியிருக்கிறாளே!

“காய்தான் சார்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “நாளையிலேருந்து நான் வரல.”

இறங்கும்போது, ஏணியைப் பிடித்திருந்த மகன் கிசுகிசுத்தான்:

“ரொம்பத் தேங்க்ஸ் மேடம், கட்டினது நான்தான்... மரம் காய்ச்சிட்டா அம்மா கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சை எடுக்கமாட்டாங்க பாருங்க, குறை என்கிட்டதான்னு டாக்டர் சொன்னதை நான் இன்னும் இவகிட்டகூடச் சொல்லல.”