காலர் வரைக்கும் வந்த காமாலை

ராயபுரம்,
வியாழக்கிழமை காலை.

பாசத்துக்கும் பயபக்திக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி தேவப்பிரியம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான், ரமாபாய், ஷிஜி மூவரும் இங்கே சுகம். நாசரேத்தில் நீங்களும் அத்தானும் புதிதாகக் கன்று போட்ட பசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எல்லாரும் கடிதத்தில் வழக்கத்துக்கு எழுதுகிற 'சுகம்' அல்ல இது. ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சுகம்.

நேற்றுப் போனில் தொண்டை வற்றச் சொன்னேன், எனக்கு ஒன்றும் இல்லை என்று. நீங்கள் நம்பவில்லை. "ஏல, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணின அன்னைக்கும் கடையிலதாம் இருக்கேன்னு போன்ல சொன்னவன் நீ. பின்னால நர்ஸ் கூப்பிடுத சத்தம் எனக்குக் கேட்டுது. நடந்ததை உன் கையால எழுதி அனுப்பு, எழுத்து நடுங்குதா இல்லையான்னு பாத்து நான் தெரிஞ்சிக்கிடுதேன்" என்றீர்கள். எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சாகவில்லை. சாகிற யோசனையும் இல்லை. எனக்குக் காமாலை வரவில்லை. ஆகவே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எனக்காக உபவாசம் இருக்கிறவர்களைச் சாப்பிடச் சொல்லுங்கள். முழங்கால் வலியோடு ரயிலேறி வந்துவிடவும் வேண்டாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்திருக்கிறார். சின்ன வயது. பிரசங்கம் அருமை, கண்பார்வைதான் போதாது என்பது என் தாழ்மையான கருத்து. ஆராதனை முடிந்து வாசலில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தவர் ரமாபாயைப் பார்த்து, "அப்பாவும் உங்க கூடவே இருக்காங்களாம்மா? பெரியவங்களைக் கூட வச்சுப் பாத்துக்கிறது பெரிய ஆசீர்வாதம்" என்று சொல்லிவிட்டு, அந்த அப்பாவின் கையை மிக மெதுவாக, எலும்பு நொறுங்கிவிடாதபடி குலுக்கினார். அந்தக் கை என்னுடையது. இவர் என் வீட்டுக்காரர் என்று ரமாபாய் அவருக்கு விளக்கம் சொன்னாள். அவரும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை ரமாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

என் முகத்தைக் குறை சொல்லி என்ன பயன், அக்கா? காசிமேட்டுப் படகுகளுக்குக் கயிறும், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாயும் கொடுக்கிறவன் நான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, உச்சி வெயிலில், மொபெட்டில் போய்வருகிறேன். சாயங்காலம் முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாக இறங்கும். மேலே படிந்தது இறங்கிவிடும், உள்ளே இறங்கினது அங்கேயே இருந்துவிடும். இதெல்லாம் ஒரு நாளும் எனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மொபெட் கண்ணாடியில் லாரியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் என்னையே பார்த்துக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

ஷிஜி தினமும் காலையில் முகத்தில் ஒரு மருந்து போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். வைட்டமின் சி சீரம் என்று பெயர். சின்னக் கண்ணாடி பாட்டில், மூடியிலேயே சொட்டு விடுகிற குழாய். "எலுமிச்சம்பழத்துல, நெல்லிக்காயில இருக்குற சத்துதாம்மா. மூஞ்சி பளிச்சுன்னு ஆகும். வெயிலு, புகையில இருந்தும் காப்பாத்தும்" என்று தன் அம்மாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அதே பாட்டிலை அடுத்த வாரம் அவளே குப்பைக்கூடையில் போட்டாள். குளியலறை ஜன்னலில் வைத்ததால் வெயில் பட்டுப் பழுப்பாகிவிட்டதாம், இனி ஆகாதாம். முக்கால்வாசி மருந்து உள்ளே இருக்கிறது. முக்கால்வாசி இருக்கிற எதையும் குப்பையில் போட நம் அப்பா நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் மாதிரி இருந்தது டிக்காஷன் மாதிரி ஆகியிருக்கிறது என்றால் சத்து இறுகியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன்.

ஷிஜி மூன்று நான்கு சொட்டுத்தான் போடுவாள். அது சின்னப் பெண்ணின் முகத்துக்கு. என் முகத்துக்கு அது எந்த மூலைக்கு? குளித்துவிட்டு, உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி, நெற்றியிலிருந்து கழுத்துவரை எண்ணெய் தேய்க்கிறமாதிரி தேய்த்துக்கொண்டு கடைக்குப் போனேன். துருப்பிடித்த இரும்பு வாசனை வந்தது. எங்கள் தெருவில் அதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் முகம் நிறம் மாறியது. கறுப்பு இளகி ஒரு மஞ்சள் தட்டியது. வெளுப்பு வருவதற்குமுன் மஞ்சள் வரும்போலும், சுவருக்குக்கூட முதலில் ப்ரைமர் அடிக்கிறார்களே என்று எனக்கு நானே விளக்கம் சொல்லி, இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து ஆயில் கடை பிலால் டீ கிளாசோடு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, மூஞ்சி இன்னா இப்டி மஞ்சளா கீது?"

"கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கோ?" என்றேன், வெட்கத்தோடு.

"பளிச்சா? கைய காட்டு. அல்லாவே! அண்ணாச்சி, இது காமாலை. முத்திப் போய் கீது. நீ இன்னா கயிறு அளந்துகினு குந்தினு கீற? எய்ந்திரு, வூட்டுக்குப் போ மொதல்ல."

சீரம் அப்போது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, ஒரு நொடி. எலுமிச்சம்பழச் சத்து எந்த மனுஷனைக் காமாலைக்காரன் ஆக்கும் என்று அதைத் தள்ளிவிட்டேன். நினைவுக்கு வந்து நின்றது காமாலையில் போன நம் பெரியண்ணன்தான். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள், நான் தலைமாட்டில். போர்வைக்கு மேல் அவர் கை மலர்ந்து கிடந்தது. அந்த உள்ளங்கையின் நிறம் இந்த ஜென்மத்துக்கும் எனக்கு மறக்காது. கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், அக்கா. அதே நிறம். பிலால்தான் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

ரமாபாய் என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்பை இறக்கி மூடி வைத்தாள். உள்ளே போய் உங்களுக்குப் போன் போட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். வேலைக்குக் கிளம்பி நின்ற ஷிஜிதான், "வாங்கப்பா, முதல்ல ரத்தம் குடுத்துட்டு வந்துருவோம்" என்று என்னை ஒரு பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். ரமாபாயும் செருப்புக்கூடப் போடாமல் கூடவே வந்தாள்.

அக்கா, இந்த இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

அங்கே ரத்தம் எடுக்கிற பையன் பெயர் ஜெரின். ஆமாம், அதே ஜெரின்தான். ஷிஜி ஆசைப்படுகிறாள் என்று போன கிறிஸ்துமஸ் சமயம் நான் உங்களிடம் சொன்னதும், ஆர்.சி. கத்தோலிக்கர்கள், காசிமேட்டில் படகு வைத்திருக்கிறவர்கள், நமக்கு ஒத்துவராது என்று நீங்களும் நானும் ஒரே குரலில் சொன்னோமே, அந்தப் பையன்தான். அதற்குமுன் அவன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. என் கையை மேசைமேல் வைத்து ரப்பர் பட்டையைக் கட்டினான்.

"அங்கிள், கைய லூசா வுடுங்க. இன்னாத்துக்கு இப்டி பயப்புடுறீங்க? எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும்."

எறும்புக்கு யார் பயந்தார்கள்? பெரியண்ணனுக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். யாரிடமும் எதையும் சொல்லிவிட்டுப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. எனக்காவது கிடைத்திருக்கிறதே என்று தோன்றியது.

"தம்பி, நான் இனி ரொம்ப நாள் இருக்கமாட்டேன். ஷிஜிய நல்லாப் பாத்துக்கிடு" என்றேன்.

ஊசியோடு அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "அங்கிள், இன்னா சொல்றீங்க?"

"சம்மதம்னு சொல்லுதேன். குத்து."

பின்னால் ஷிஜி விம்முகிறாள். ரமாபாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் சர்க்கரை பார்க்க வந்து நின்ற ஒரு அம்மா, யார் எவர் என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து அழுதார். ஜெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் குத்தினான். உண்மையைச் சொல்ல வேண்டும், எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை.

ரிசல்ட் சாயங்காலம் என்றார்கள். அந்தப் பகல் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. ரமாபாய் உப்பில்லாத மோர்ச் சோறு கொடுத்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிலால் இளநீர்க் குலையையே தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரத் தைரியம் இல்லாமல் போய்விட்டார். ரமாபாய் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். எல்லாப் பொத்தான்களும் நன்றாகத்தான் இருந்தன. நல்ல பொத்தானை அறுத்து அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஜெரின். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அங்கிள்! நார்மலு! எல்லாமே நார்மலு! லிவரு சூப்பரா கீது அங்கிள்!"

சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ரமாபாய் அவன் தலையில் கை வைத்தபடி, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அப்போதுதான் அழுது தீர்த்தாள்.

காமாலை இல்லை, சரி. பிறகு இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? அது ஒருவருக்கும் புரியாததால், நால்வருமாகத் திருவொற்றியூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு பால் மாதிரி வெளுப்பா இருக்கே, காமாலைன்னா முதல்ல இங்கதானே தெரியும்" என்றார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றச் சொன்னார். கழுத்துக்குக் கீழே பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"ஐயா, நான் எத்தனையோ காமாலை பாத்திருக்கேன். காலர் வரைக்கும் வந்து நின்னுட்ட காமாலையை இப்பதான் பாக்குறேன். முகத்துக்கு என்ன போடுறீங்க?"

"பவுடர்."

"வேற?"

ரமாபாய் என்னைப் பார்த்தாள். ஷிஜி பார்த்தாள். என் வருங்கால மருமகனும் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டே சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஐயோ அப்பா! நான் தூரப் போட்டதுல்லா அது!" என்று கத்தினாள் ஷிஜி.

டாக்டரம்மா சிரிக்காமல் விளக்கினார். அதற்கே அவருக்குத் தனியாகப் பீஸ் கொடுக்கலாம். இந்த மருந்து புதிதாக, தெளிவாக இருக்கும்போதுதான் மருந்தாம். வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பாகிவிட்டால் தோலில் சாயம் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். தேய்த்த கையிலும் ஒட்டுமாம். தோல் உதிர உதிரத் தானாகவே போய்விடுமாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். "ஆசையா இருந்தா புதுசு வாங்கி, இருட்டான இடத்துல வச்சு, காலையில சில சொட்டு மட்டும் போடுங்க. அதுக்கு மேல சன்ஸ்கிரீனும் போட்டுக்கோங்க. வண்டியில போகும்போது முகத்தை மூடிக்கோங்க" என்றார்.

வெளியே வந்ததும் ரமாபாய் கேட்டாள்: "அந்தப் போதகர் சொன்னதுக்காகவா இம்புட்டும்?"

நான் குனிந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மருந்துக்கடை வாசலில், எல்லாரும் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "காசிமேட்டுக் கூட்டத்துல உங்களைத் தேடுதப்போ இந்தக் கறுப்பை வச்சுத்தான் கண்டுபிடிக்கேன். இனி மாத்திக் கீத்தி வச்சீங்கன்னா நான் யாரையாவது கூட்டிட்டு வந்துருவேன், பாத்துக்கிடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து மீன்குழம்பைச் சூடாக்கினாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன், அக்கா. உப்புக்கு இவ்வளவு ருசி உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது லேசாக ஒரு யோசனை வந்தது. சாகப்போகிறவன் கொடுத்த சம்மதம், பிழைத்துக்கொண்டவனைக் கட்டுமா? ரமாபாயிடம் கேட்டேன். "கட்டும். நான் சாட்சி. சர்க்கரை பாக்க வந்த அந்த அம்மாவும் சாட்சி" என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் மாறியிருக்கமாட்டேன். யோசித்துப் பாருங்கள். நான் போயிருந்தாலும் அவனுக்குச் சம்மதம் கைக்கு வந்தாகிவிட்டது. நான் பிழைத்தால்தான் அவனுக்குத் தொந்தரவு. அப்படியிருந்தும் நான் பிழைத்த செய்தியைத் தூக்கிக்கொண்டு செருப்போடு மாடிப்படி ஏறி ஓடிவந்தானே, அவனை எப்படி வேண்டாம் என்பது? ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா அம்மா வீட்டுக்கு வருகிறார்கள். கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள், பிள்ளைமேல் வேண்டாம். உங்கள் வாயால் ஒரு 'சரி' கிடைக்காமல் நான் அவர்களுக்குத் தேதி சொல்லமாட்டேன்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். உபவாசம் இருந்த சகோதரிகள் அனைவருக்கும் எங்கள் நன்றியும், அவர்கள் வயிற்றிடம் என் மன்னிப்பும். கன்றுக்குட்டியை என் சார்பில் தடவிக்கொடுக்கவும். நீங்களும் அத்தானும் நீடித்த ஆயுளோடு இருந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்.

உங்கள் ஜெபத்தால் இல்லாத நோயிலிருந்து முழுமையாகக் குணமடைந்த தம்பி,
தேவப்பிரியம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஷிஜி ஸ்டேஷனிலிருந்து போன் செய்தாள். நேற்றுச் சாயங்காலமே நீங்கள் ரயில் ஏறிவிட்டீர்களாம், இப்போது எழும்பூரில் இறங்கியும் ஆகிவிட்டதாம். ரமாபாய்க்கும் தெரியுமாம், எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. இவ்வளவையும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. வாசலிலேயே கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறேன், படித்து முடித்ததும் கூப்பிட்டு அனுப்புங்கள். இன்னொன்று. ஸ்டேஷனில் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்ட பையனைக் காட்டி, "யாரு பெத்த புள்ளையோ, இவனை மாதிரி ஒருத்தன் நம்ம ஷிஜிக்கு அமைஞ்சா என்னட்டி" என்று ஷிஜியின் காதில் சொன்னீர்களாம். அக்கா, அவன்தான் ஜெரின்.