செயினின் பாடு இன்னும் முடியவில்லை

அன்புத் தம்பி எத்திராஜுக்கு,

சுண்ணாம்புக்குளத்திலிருந்து அக்கா திரௌபதி எழுதுவது. இங்கே நான் சுகம், ஆடு சுகம், ஏரியில் தண்ணீர் வற்றி உள்ளே போய்விட்டாலும் போன இடத்தில் அதுவும் சுகமாகத்தான் இருக்கும். உன் மாமா சுகமா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். அங்கே உன்னையும் சரண்யாவையும் கங்கையம்மன் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது அக்கா எதற்குக் காகிதத்தைத் தேடி எடுத்தாள் என்று யோசிப்பாய். போன் உன் மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது, சட்டை உன் மாமா மேல் இருக்கிறது, உன் மாமா அந்தச் சைக்கிள் மேல் இருக்கிறார். நான் எங்கே போய்ப் பேசுவது?

விஷயமே அந்தச் சைக்கிள்தான். தொப்பை குறையவேண்டும் என்று டாக்டர் சொன்னதற்காக வாங்கி, நாலு நாள் ஓட்டிவிட்டு, தொப்பையை அங்கேயே வைத்துக்கொண்டு சைக்கிளை மட்டும் இங்கே கொண்டுவந்து இறக்கினாய். மலை ஏறுகிற இருபத்தொரு கியர் சைக்கிள் என்று பெருமையாக வேறு சொன்னாய். நம் ஊரில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், தண்ணீர் இல்லாத மாதத்தில் சேறு, சேறும் காய்ந்துவிட்டால் வெறும் வெளிச்சம். உயரமான இடம் என்றால் ஏரிக்கரை ஒன்றுதான், அதிலும் ஆடே மூச்சு வாங்காமல் ஏறிவிடும். ஆனாலும் உன் மாமா அதில் ஏறி உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். உப்புக்காற்றும் மணலும் பட்டு, கியர் ஒவ்வொன்றாகப் போய் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. "ஒண்ணு போதும் திரௌபதி, எனக்கு இன்னா இருபத்தொரு காலா கீது?" என்றார். டயரில் இருந்த முள்ளு முள்ளான பூவெல்லாம் தேய்ந்து என் முழங்கை மாதிரி வழவழவென்று ஆயிற்று. டியூப் முழுக்க ஒட்டாகி, ஒட்டின் மேல் ஒட்டு ஒட்டாது என்று ஆனதும், கிழிந்த நைலான் வலையை டயருக்குள் திணித்துவிட்டார். இனிமேல் பஞ்சரே ஆகாதாம். சீட்டின் பஞ்சு போன இடத்தில் வலை மிதவையைக் கட்டியிருக்கிறார். பிரேக் கட்டை தேய்ந்து தேய்ந்து காணாமலே போனதால் இடது காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துகிறார். வீட்டில் இப்போது ஒரு மூலையில் வலது கால் செருப்புகள் மட்டும் குவிந்து கிடக்கின்றன, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை.

மாற்றித் தொலைக்கலாமே என்றுதானே கேட்பாய்? ஆரம்பாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெலிக்ஸும் அதையே கேட்டான். "மாமா, செயினு நீண்டு தொங்குது. சக்கரத்துப் பல்லெல்லாம் தேஞ்சி மீன்முள்ளு கணக்கா நிக்குது. மாத்திடலாம் மாமா" என்று நல்ல விதமாகத்தான் சொன்னான். அதற்கு உன் மாமா சொன்ன பதிலைக் கேள். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை இறக்குவது என்று நமக்குப் பாடு முறை உண்டல்லவா, பட்டணத்தில் இருந்து மறந்திருந்தால் ஞாபகப்படுத்திக்கொள். ஒருத்தன் பாடு முடிகிற வரைக்கும் அந்த இடத்தில் இன்னொருத்தன் வலை நனையக் கூடாது. உன் மாமா அந்த முறையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்துவிட்டார். "இந்தச் செயினோட பாடு இன்னும் முடியலப்பா. உசுரோட கீறதைக் கயட்டிட்டு வேற ஒண்ண எறக்கினா அது பாடு மீறுறது. எங்க ஊர்ல பஞ்சாயத்துல நிக்க வெச்சிடுவாங்க" என்றார். பெலிக்ஸ் என்னைப் பார்த்தான், நான் ரோட்டில் போகிற ஆட்டைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். பாவம், சண்டை வேண்டாம் என்று ஒரு புட்டி எண்ணெய் கொடுத்து அனுப்பினான்.

அந்த எண்ணெய் தீர்ந்ததும் இவர் என்ன செய்தார் தெரியுமா? நம் நைனா படகுக்குப் பூசுவாரே மீன் எண்ணெய், அதை எடுத்துச் செயினுக்குப் பூசிவிட்டார். உப்புத்தண்ணீரில் மரமே அழுகாமல் இருக்கிறது, இரும்பு எந்த மூலைக்கு என்று நியாயம் வேறு. அன்றிலிருந்து ஊர்ப் பூனைகள் அத்தனையும் அவர் பின்னால் போகின்றன. சைக்கிளை ரேஷன் கடை வாசலில் நிறுத்தினால் பூனைகள் செயினை நக்குகின்றன, பூனைகளைப் பார்த்து நாய்கள் வருகின்றன, நாய்களைப் பார்த்து வரிசை கலைகிறது. இவருக்கு எப்போதும் முதலில் சாமான் கிடைத்துவிடுகிறது, அதில் இவருக்கு ஒரு சந்தோஷம்.

போன வாரம் தண்ணீர் வற்றாத படகுத்துறைப் பக்கம் கரைமேல் இருந்து இறங்கும்போது இடது செருப்பு பிய்ந்துபோயிற்று. கீழே இறால் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலக் கூட்டத்தின் நடுவில் புகுந்து, கூடைகளைச் சுற்றிக்கொண்டு, நேராகத் தண்ணீருக்குள் இடுப்பளவுக்குப் போய்த்தான் நின்றார். பின்னால் வந்த பூனைகள் கூடைகளோடு நின்றுவிட்டன. "இன்னா எல்லப்பா, சைக்கிளுக்கு நீச்சல் கத்துக் குடுக்கறியா?" என்று கரையே சிரித்தது. ஏலக்காரர் இவருக்கும் ஒரு விலை சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. நீயும் சிரிக்காதே தம்பி. அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்தவர் கல்லில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு அவரை விட்டால் இந்த ஆடும் நீயும்தான், நீங்கள் இரண்டு பேருமே சொன்ன பேச்சு கேட்காதவர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தச் சத்தத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. கடக், கடக், கிறீச். கடக், கடக், கிறீச். காய்ந்த ஏரிக்குள் எங்கேயோ புள்ளியாக வரும்போதே கேட்க ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு ரோசி அதைக் கடிகாரமாக வைத்துத்தான் குழாயடிக்குப் போகிறாள். நானும் அதைக் கேட்டதும் என்னை அறியாமல் குழம்பைச் சூடு பண்ணுகிறேன். ஒரு மனுஷிக்கு இப்படியா ஒரு பிழைப்பு?

பங்குனியில் ஒருநாள் அவருக்குப் பாடு இல்லை. வெயில் தாழ்ந்திருந்தது. "வா திரௌபதி, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே முன்பக்கக் கம்பியில் உட்கார்ந்துவிட்டேன். காய்ந்த ஏரி அப்பளம் மாதிரி நொறுங்க நொறுங்கப் போனோம். தூரத்தில் தண்ணீர் தெரியும், கிட்டே போனால் அது தண்ணீர் இல்லை, இன்னும் தூரத்தில் வேறு தண்ணீர் தெரியும். வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. நாங்கள் போகிறோமா, நின்றுகொண்டிருக்கிறோமா, அதுவும் தெரியவில்லை. நிஜத் தண்ணீர் வந்தபோது அதன் ஓரத்தில் பூநாரைகள் நின்றிருந்தன. எங்கள் கடக் கடக்கைக் கேட்டு மொத்தமாக எழும்பின, மேலே எல்லாம் ரோஜா நிறம். "நிறுத்துய்யா" என்றேன். "இது நிக்காதே" என்றார். சரி என்று போய்க்கொண்டே இருந்தோம். எனக்கு இறங்கவே தோன்றவில்லை. இதை எதற்கு உனக்கு எழுதினேன்? ஆமாம், பிரேக் இல்லை என்பதற்காக.

ஆகையால் வைகாசியில் கங்கையம்மன் ஜாத்திரைக்கு வரும்போது ஒரு நல்ல கயிறு கொண்டுவந்து, அந்தச் சைக்கிளைக் கார் மேல் கட்டி எடுத்துப்போய்விடு. அவர் சாமி கும்பிடப் போகிற நேரம் நான் சைகை காட்டுகிறேன். நீ எடுத்துப்போகாவிட்டால் நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன், மாடி வீட்டில் ஆடு என்ன செய்யும் என்று சரண்யாவைக் கேட்டுக்கொள்.

உன் வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாமல் இருக்கட்டும், தொப்பை மட்டும் கரையட்டும்.

உன் அக்கா,
திரௌபதி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்று பொழுது சாய்ந்தும் சத்தமே வரவில்லை. "இன்னாக்கா, இன்னிக்கு அண்ணன் சத்தத்தையே காணோம்?" என்று காலிக் குடத்தோடு ரோசி வந்து கேட்டாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஏரிக்குள் ஓடினேன். ரொம்ப தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அறுந்த செயினைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். "முடிஞ்சிடுச்சி திரௌபதி. அதோட பாடு நல்லபடியா முடிஞ்சிடுச்சி" என்றார். திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. என்னைச் சீட்டில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். முதுகில் காற்று, செயின் இல்லாத சைக்கிள், சத்தமே இல்லை. பூநாரைகள் பக்கத்திலேயே நின்றன, ஒன்றுகூட எழும்பவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த அமைதி மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

எனவே கயிறு வேண்டாம். பெலிக்ஸைக் கேட்டேன். "ஒண்ணோட ஒண்ணு சேந்தே தேஞ்சிகீதுக்கா, செயினை மட்டும் புதுசு போட்டா அந்தப் பல்லு ஏத்துக்காது" என்றான். அதனால் செயினோடு முன்பக்கப் பல்சக்கரம், பின்பக்கப் பல்சக்கரம் எல்லாமே வாங்கி வா. பிரேக் கட்டையும் வாங்கு, அதன் பாடு முடிந்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எனக்கு உட்கார ஒரு கேரியரும் பார். அப்படியே கடைக்காரனிடம் ஒன்று கேட்டு எழுது: புதுச் செயின் சத்தம் போடாது என்கிறார்களே, அது எத்தனை மாதத்தில் போட ஆரம்பிக்கும்?