மூடுபனியில் ஒரு கலங்கரை விளக்கம்

இருட்டைக் கண்டால் அஞ்சுகிறவர்கள் உண்டு, இடியைக் கேட்டால் ஒடுங்குகிறவர்கள் உண்டு. எதைக் கண்டாலும் எட்டி ஒரு விளக்கைப் போடுகிற இனமும் உண்டு. சாலையில் நீங்கள் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். இல்லை, பார்த்திருக்க முடியாது. கண் கூசியிருக்கும்.

அந்த இனத்தில் ஒருவர்தான் நம் கலங்கரை விளக்கம். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, எதிரே வண்டி ஓட்டி வந்தவர்கள் வைத்தது. காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் பார்த்து, "கண்ணு தெரியாமலா ஓட்டுறானுங்க?" என்று அலுத்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம்.

ஒரு விடியலில் மாமியாரை ரயிலேற்றக் காரை எடுத்தார். மூடுபனி ஊரையே விழுங்கியிருந்தது. விடுவாரா மனிதர்? பிரைட் லைட்டைப் போட்டார், கூரைமேல் தாமே பொருத்திக்கொண்ட இரண்டு விளக்குகளைப் போட்டார், நாலு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டார், போதாதென்று காருக்குள் இருந்த விளக்கையும் போட்டார். பனி அத்தனை வெளிச்சத்தையும் வாங்கி அவர் முகத்திலேயே திருப்பி வீசியது.

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி டிம் பண்ணச் சொன்னாள். வெளிச்சம் கூடினால் பார்வை கூடும், இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியுமே என்றார். மருமகனை எதிர்த்துப் பேசிப் பழகாத மாமியார் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார்.

திடீரென்று பிரேக்.

"நடு ரோட்டுல எவனோ சுவர் கட்டி வெச்சிருக்கான்."

இறங்கிப்போய் வெள்ளைச் சுவரைத் தடவினார். கையில் காற்றுதான் அகப்பட்டது. அதற்குள் மனைவி எட்டி, கூரை விளக்குகளை அணைத்து, பிரைட்டை டிம்முக்கு இறக்கினாள். வெளிச்சம் தரையில் படிந்தது, சுவர் கரைந்தது, ரோடு தெரிந்தது. கூடவே, அவர் மூக்குக்கு இரண்டு முழத்தில், பின்விளக்கு எரியாமல் பழுதாகி நின்ற லாரியின் முதுகும் தெரிந்தது.

வந்த வேகத்திலேயே காருக்குத் திரும்பினார்.

"அந்தப் பக்கம் உட்காருங்க. நான் ஓட்டுறேன்" என்றாள் மனைவி.

அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, டிம் வெளிச்சத்தில் நத்தைபோல் உருட்டிக்கொண்டு போனாள். லாரியை முன்பே மோப்பம் பிடித்துத்தான் பிரேக் போட்டதாக அவர் வழியெல்லாம் விளக்கினார். மாமியார் ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, லைட்டே போடாம வந்திருந்தாலும் இதைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

நல்லவேளை, ரயிலும் பனியில் தவழ்ந்துதான் வந்தது.

சிரித்தாயிற்றா? சரி, ஒன்று சொல்லிவைக்கிறேன். அடுத்த பனிக்காலத்தில் எதிர் வண்டிக்காரர் உங்களைப் பார்த்து விளக்கை இரண்டு முறை சிமிட்டினால், யாரோ தெரிந்தவர் போலிருக்கிறதே என்று நீங்களும் பிரைட்டைப் போட்டுப் பதில் வணக்கம் சொல்லிவிடாதீர்கள்.