கழுத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு

"இது யாரோட படம்?" என்று டாக்டர் கேட்டார். குரல் வறண்டிருந்தது.

திரையில் ஒரு மண்டை ஓடு பக்கவாட்டில் திரும்பி, கோபித்துக்கொண்டதுபோல் நின்றிருந்தது. அது யாரென்று எக்ஸ்ரே எடுக்கிற படக்காரருக்கு நன்றாகத் தெரியும். நேற்று புது எக்ஸ்ரே மெஷின் வந்திருந்தது. சாப்பிட்டு வந்த கையோடு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, சோதனைக்கென்று அவரே போய் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. பெயர் போட மறந்துவிட்டார்.

அந்தப் பல் மருத்துவமனையில் அவர் வேலையே அதுதான். வருகிறவர்களின் தாடையைப் பிடித்து மெஷினில் பொருத்தி, "அசையாதீங்க, மூச்சு மட்டும் விடலாம்" என்பார். ஊரார் வாயையெல்லாம் படம் பிடித்தவர், தன் வாயை மட்டும் டாக்டரிடம் காட்டியதே இல்லை. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தேய்ப்பார். பல் பார்க்கும் அந்த நீள நாற்காலியைக் கண்டாலே சுவரோரமாக ஒதுங்கி நடப்பார்.

"ஈறு ரொம்ப மோசம். எலும்பு அரிச்சிருக்கு" என்றார் டாக்டர். "அதைக்கூட விடுங்க. கழுத்துக்குப் பின்னாடி இந்த வெள்ளைக் கோடு தெரியுதா? தசைநார்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

"சுண்ணாம்பா சார்?"

"ஈறு நோய் இருக்கிறவங்ககிட்ட இது கூடுதலா தென்படுதுன்னு சில ஆய்வுல சொல்றாங்க. எதனால எது வருதுன்னு தெளிவா தெரியல. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா..."

'ஆனா'வோடு டாக்டர் நிறுத்திவிட்டார். மீதியைப் படக்காரரின் மனம் சொல்லி முடித்தது. இன்றைக்குக் கழுத்து, நாளைக்குத் தோள், அப்புறம் ஆள் மொத்தமும் சிலை. தலைமேல் ஒரு காக்கை.

"யாரோடதுன்னு கேட்டேனே?"

"நேத்து... ஒரு ஆளு வந்தாரு சார்."

டாக்டரின் முகம் குப்பென்று மலர்ந்தது. "நிஜமாவா? வேற ஒரு ஆளா? அவரை உடனே கூட்டிட்டு வாங்க! நான் பார்த்தே ஆகணும்!"

நோயாளிமேல் மனுஷனுக்கு எத்தனை பாசம் என்று படக்காரர் வியந்தார். வியந்துகொண்டே வியர்த்தார்.

வீட்டில் மனைவி கூப்பிட்டாள். அவர் கழுத்தை அசைக்காமல், கதவு திறப்பதுபோல் முழு உடம்போடு திரும்பினார்.

"ஏங்க, என்னாச்சு உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு. உடைஞ்சிடும்."

"எது?"

"எதுவும் இல்ல. உன் தம்பி எங்க?"

தம்பிக்கு டயர் பஞ்சர் ஒட்டுகிற கடை. பல் தேய்ப்பது நேரத்துக்குப் பிடித்த கேடு என்பது அவன் கொள்கை. வாய் நாறிப்போய்க் கிடக்கும், ஆள் மாறாட்டத்துக்கு இவனைவிடப் பொருத்தமானவன் கிடைக்கமாட்டான் என்று படக்காரர் கணக்குப் போட்டார்.

"வாயைத் தொறந்து காட்டணும், அவ்வளவுதானே மாமா?"

"அவ்வளவுதான் மாப்ள. நேத்து படம் எடுத்த ஆளு நீதான்னு சொல்லு. டாக்டர் சொல்றதைக் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. முக்கியமா அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன சொல்றார்னு கேட்டுட்டு வா."

மறுநாள் மச்சான் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். டாக்டர் விளக்கைப் பிடித்தார். படக்காரர் எட்டிப் பார்த்தார்.

அத்தனையும் முத்து. ஈறு ரோஜா நிறம். கடவுளுக்குக் கண்ணே இல்லை.

டாக்டர் விளக்கை அணைத்தார். முகம் சாம்பலாகிவிட்டது. "இது இவர் படம் இல்ல. இந்த வாயில நோயே இல்ல. அப்போ..." என்று முணுமுணுத்தபடி பக்கத்து முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

வெளியே வந்த மச்சான் படக்காரரின் சட்டையைப் பிடித்தான். "என் வாயைப் பார்த்துட்டு அழாத குறையா நிக்கிறாரு. உண்மையைச் சொல்லு மாமா, நான் பொழைப்பேனா?"

அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டுப் படக்காரர் உள்ளே போனார். "சார், ஒருவேளை மெஷின்லயே கோளாறு இருக்குமோ?"

டாக்டர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அதான்! அதேதான்! கம்பெனிக்குப் போன் போடுங்க!"

கம்பெனி ஆள் வருவதற்குள் இன்னொரு திகில் சேர்ந்துகொண்டது. டாக்டரும் கழுத்தைத் திருப்பாமல் நடமாடத் தொடங்கியிருந்தார். கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினார். 'கண்டுபிடிச்சிட்டார். வாயால கேக்காம நடிச்சுக் குத்திக் காட்டுறார்' என்று படக்காரர் முடிவுகட்டினார்.

வந்த மெக்கானிக் மெஷினைத் திறந்தார், மூடினார். "கச்சிதமா இருக்கு. சந்தேகம்னா இன்னொரு படம் எடுத்துப் பார்த்துடலாம். யாராவது வந்து நில்லுங்க."

டாக்டர் ஒரு அடி பின்வாங்கினார். படக்காரரும் பின்வாங்கினார். இரண்டு பேரும் வாசல்படியில் முட்டிக்கொண்டார்கள். யாரென்று திரும்பிப் பார்க்க இருவராலும் முடியவில்லை.

"வேணாம்" என்றார் டாக்டர் நேராகச் சுவரைப் பார்த்து. "மெஷினை எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே இங்க எக்ஸ்ரேயே கிடையாது. வெளியில எடுத்துட்டு வரச் சொல்லிக்கலாம்."

"அப்போ நான் சார்?" என்றார் படக்காரர்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

வாசலில் மெஷினை வண்டியில் ஏற்றக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். படக்காரர் அதைப் பார்த்தார். கட்டுவது தன் சோற்றை என்று தோன்றியது. விறுவிறுவென்று டாக்டர் அறைக்குள் நுழைந்து, யாரும் சொல்லாமலே அந்த நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

"சார், அந்தப் படம் என்னோடது. பொய் சொல்லிட்டேன். சிலையாப் போறதுன்னு இருந்தா, வேலையோட சிலையாப் போறேன். மெஷினை அனுப்பாதீங்க."

"என்னது?"

படக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

உள்ளே விளக்கு வந்தது. ஊசிமுனை ஒன்று ஈறைத் தொட்டது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வசவுக்குக் காத்திருந்தார்.

"ரத்தம்!" என்று டாக்டர் கத்தினார். "அட, எலும்பு அரிச்சிருக்கே! அப்படியே படத்துல இருக்கிற மாதிரியே இருக்கே! அடடா, அடடா!"

படக்காரர் கண்ணைத் திறந்தார். டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். தலையை இடதும் வலதுமாக ஆட்டிப் பார்த்தார். குனிந்து படக்காரரின் நெற்றியில் கன்னத்தை வைத்து அழுத்தினார்.

"உங்க ஈறை நானே சரி பண்றேன், சம்பளத்துல ஒரு பைசா பிடிக்கமாட்டேன். கழுத்துக் கோட்டை நினைச்சுப் பயப்படாதீங்க, அது பாட்டுக்கு அது இருக்கும்!" என்று சொல்லி, பஞ்சு ஒன்றை அவர் வாயில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினார். "கயித்தை அவுருங்கப்பா! மெஷின் எங்கயும் போகல!"

சத்தம் கேட்டு வரவேற்பு மேசைப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். படக்காரர் பஞ்சோடு பஞ்சாகக் கேட்டார்: "ஏம்மா, என் ஈறு அழுகிப்போனதுல இவருக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மெஷின் வந்த அன்னைக்கு நீங்க சாப்பிடப் போனப்போ அவரும் போய் அதுல நின்னாருண்ணே. அவர் படம் பதியவே இல்ல போல, இத்தனை நாளா உங்க படத்தைத் தன்னோடதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காரு. பாவம், பல் டாக்டருன்னாலே அவருக்குச் சின்ன வயசுலேர்ந்து பயம்!"